மரம் வெட்டுறது தப்புதானே? முக்குருத்தி மலையில் மட்டும் ஏன் வெட்டச் சொல்கிறார்கள்?

எங்க பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் வருஷத்துக்கு ஒருமுறைதான் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். கோடை வந்ததும், "ஊட்டி போலாமாடா?" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். இந்த முறையும் ஆரம்பித்தான். வேன் பேசியாச்சு, ரூம் பார்த்தாச்சு, "இ-பாஸ் யார் போடுறீங்க?" என்பது வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அப்போதுதான் ஒருத்தன் ஒரு வீடியோவை ஃபார்வர்ட் செய்தான். ஒரு மலைச்சரிவு, வரிசையாகச் சாயும் மரங்கள், பின்னணியில் சோகப் பாட்டு. கீழே ஒரு வரி: "ஊட்டியையே மொட்டை அடிக்கிறாங்க."

பத்து அழுகை எமோஜி விழுந்தது. பண்டசோழநல்லூர்க்காரர்களான எங்களுக்கு மலை என்றாலே வேனில் ஏறிப் போய்ப் பார்க்கிற ஒன்றுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லும் கரும்பும் கண்ணுக்கு எட்டுகிற வரை சமவெளி. மலையில் மரம் வெட்டினால் தப்பு, நட்டால் நல்லது. இதுதானே நமக்குத் தெரிந்த பாடம்?

ஆனால் நீலகிரியின் உச்சியில், சட்டப்படி மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் ஒரு தேசியப் பூங்காவில், இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளுமே "இந்த மரங்களை எடுங்கள்" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூங்காவின் பெயர் முக்குருத்தி. ஏன் அப்படிக் கேட்கிறார்கள்? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முக்குருத்தி எங்கே இருக்கு?

ஊட்டிக்குப் போகிற நம்மில் பெரும்பாலானோர் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். நீலகிரிப் பீடபூமியின் மேற்கு ஓரத்தில், கேரளத்தை நோக்கி மலை சட்டென்று சரிகிற இடத்தில் இருக்கிறது முக்குருத்தி. அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தின் அமரம்பலம் காடுகளும் சைலன்ட் வேலியும்.

பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். நம்ம புதுச்சேரிப் பகுதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இங்குள்ள முக்குருத்தி சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். பக்கத்தில் இருக்கும் கொல்லாரிபெட்டா 2,629 மீட்டர். தமிழ்நாட்டில் தொட்டபெட்டாவுக்கு (2,637 மீட்டர்) ரொம்ப ஒன்றும் குறைவில்லை.

1982-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1990-ல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. முக்கியக் காரணம் ஒரே ஒரு விலங்கு: வரையாடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்து செல்ஃபி எடுக்கிற இடம் இல்லை இது. உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒரே மலைக்கு எத்தனை பட்டம்?

செய்திகளில் 'உயிர்க்கோளக் காப்பகம்', 'உலகப் பாரம்பரியச் சின்னம்', 'தேசியப் பூங்கா' என்று மாறி மாறி வரும். மூன்றும் ஒன்றில்லை. முக்குருத்திக்கு மூன்றுமே இருக்கிறது.

- உயிர்க்கோளக் காப்பகம்: 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம்தான் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டர். ஊர், தோட்டம், காடு எல்லாம் இதற்குள் அடக்கம். 2000-ல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது.
- உலகப் பாரம்பரியச் சின்னம்: 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அதில் முக்குருத்தியும் ஒன்று. இது கௌரவம். கூடவே உலகத்தின் கண் நம் மேல் இருக்கிறது என்ற அழுத்தம்.
- தேசியப் பூங்கா: உண்மையில் 'பல்' இருப்பது இதற்குத்தான். 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்க்கக் கூடாது. ஒரு பொருளை வெளியே எடுத்துப்போகக்கூட அது வனஉயிர்களின் நன்மைக்குத்தான் என்று நிரூபித்து அனுமதி பெற வேண்டும்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் இங்கேதான் வரப்போகிறது.

சோலையும் புல்வெளியும்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உலகம்

முக்குருத்தியின் படத்தைப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். மலையின் முதுகு முழுக்கப் புல். இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும், யாரோ அளந்து வைத்த மாதிரி, அடர்த்தியான காடு. அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். குட்டையான மரங்கள், பாசி படர்ந்த கிளைகள், உள்ளே நுழைந்தால் ஈரமும் இருட்டும். சோலை முடிகிற இடத்தில் ஒரே அடியில் புல்வெளி தொடங்கிவிடும்.

'மழை கொட்டுகிற இடம், மண்ணும் இருக்கு. அப்புறம் ஏன் மலை முழுக்க மரம் வளரவில்லை?' என்ற கேள்வி ரொம்ப காலமாக இருந்தது. மனிதர்கள் காட்டை அழித்ததால்தான் புல்வெளி வந்திருக்கும் என்று ஒரு தரப்பு நம்பியது.

பதில் தரையிலேயே புதைந்து கிடந்தது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் செடிகொடிகள் மக்கி, அடுக்கடுக்காகப் படிந்த கரிமண் உண்டு. புல்லும் மரமும் கார்பனைச் சேமிக்கும் விதம் வேறு. எனவே எந்த அடுக்கில் எது வளர்ந்தது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமார் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் காட்டியது. உழவு, ஊர், கோடாரி எல்லாம் இந்த மலைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடி.

அப்படியானால் மரத்தைத் தடுத்தது யார்? ஒரு முக்கியமான ஆள், உறைபனி. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் இரவு வெப்பநிலை திறந்த வெளியில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். காலையில் புல் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சோலை மரங்கள் வெப்பமண்டல இனங்கள். அவற்றின் இளங்கன்று திறந்த புல்வெளியில் முளைத்தால், ஒரு உறைபனி இரவில் கருகிவிடும். சோலைக்குள் மரக்குடை இருப்பதால் அங்கே அந்தக் குளிர் இறங்காது. அதனால் காடு மடிப்பில், புல் மேட்டில் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு எல்லைக்கோடு நின்றது.

அந்தக் கோட்டைத் தாண்ட ஒரு மரத்துக்குத் தெரிந்திருந்தது. அது இந்த மலையில் பிறந்ததில்லை.

சீகை மரம் எப்படி வந்தது?

1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில வருஷங்களில் ஊட்டி வெள்ளைக்காரர்களின் குளிர்வாசத்தலமாக மாறியது. குளிர்காய விறகு வேண்டும், கட்டடத்துக்கு மரம் வேண்டும். சோலை மரமோ மெதுவாகத்தான் வளரும். எனவே 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலியாவில் இருந்து இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒன்று யூகலிப்டஸ், மலைவாசிகள் கற்பூர மரம் என்பார்கள். இன்னொன்று வாட்டில், அங்கே அதற்குச் சீகை மரம் என்று பெயர்.

வெள்ளைக்கார அதிகாரிகளின் கண்ணுக்குப் புல்வெளி 'தரிசு'. வரி வராத, மரம் இல்லாத, வீணாகக் கிடக்கிற நிலம். அந்தப் பார்வை சுதந்திரத்தோடு போய்விடவில்லை. சொல்லப்போனால் புல்வெளிக்குப் பெரிய அடி விழுந்தது அதற்குப் பிறகுதான்.

தோல் பதனிட வாட்டில் பட்டையில் இருந்து எடுக்கும் டானின் தேவைப்பட்டது. அது நிறைய விளைந்த தென்னாப்பிரிக்காவுடன், நிறவெறியைக் கண்டித்து 1946-லேயே வர்த்தகத்தை நிறுத்தியிருந்தது இந்தியா. பிறகு செயற்கை நூலிழை ஆலைகளுக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. பவானிக் கரையில் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி மேல் வரிசை வரிசையாக வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டன. யாரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அரசுத் திட்டம், அரசுச் சம்பளம், அரசு நாற்றங்கால். 1980-களின் இறுதி வரை இந்த நடவு தொடர்ந்தது.

பாதிப்பு எவ்வளவு? பழனி மலையில் 1973-ல் இருந்து 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. 40 வருஷத்தில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிட்டது. அதனால் நம் தலைமுறைக்குக் கொடைக்கானல் என்றாலே பைன் மரக்காடுதான். அது 'ஒரிஜினல்' இல்லை என்பதே நமக்குத் தெரியாது.

நட்டதை நிறுத்தியாச்சே, அப்புறம் என்ன பிரச்னை?

நடுவதை மனிதர்கள் நிறுத்தினார்கள். சீகை நிறுத்தவில்லை.

ஒரு மரம் எக்கச்சக்கமாக விதை கொட்டும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்து வருஷங்கள் உயிரோடு தூங்கும். தீ பட்டால் சாகாது, மாறாக அந்தச் சூட்டில்தான் விழித்து முளைக்கும். வெட்டினால் அந்த இடத்தில் வெயில் விழும், அதிலும் நூற்றுக்கணக்கில் முளைக்கும். முக்கியமாக, சோலைக் கன்றுகளைக் கருக்குகிற உறைபனியை இது தாங்கிவிடும். மலையின் பழைய காவல்காரனுக்கு இந்தத் திருடனைப் பிடிக்கத் தெரியவில்லை.

இன்னொன்று, பூமி சூடாகிக்கொண்டே போகிறது. உறைபனி இரவுகள் குறைந்தால் அந்தக் காவல் இன்னும் பலவீனமாகும். சீகையோடு ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்று ஐரோப்பாவில் இருந்து வந்த மஞ்சள் பூ புதர்களும் முக்குருத்தியில் பரவியிருக்கின்றன. பார்க்க அழகு. ரீல்ஸுக்கு நல்லா இருக்கும். ஆனால் அதன் அடியில் புல் முளைக்காது.

புல் போனால் நமக்கு என்ன போச்சு?

இங்கேதான் விஷயம் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறது.

புல்வெளியும் சோலையும் சேர்ந்து மலைக்கு ஸ்பாஞ்ச் மாதிரி. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மக்கிய வேர்கள் நிறைந்த அந்தக் கருமண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்ற பிறகும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி முக்குருத்திக்குப் பக்கத்தில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படி ஒரு மழையைத் தாங்கி நிற்கும் மண் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகமாக வளரும் மரத்துக்குத் தாகமும் அதிகம். ஊட்டியில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளென்மார்கன் பகுதியில் பல பத்தாண்டுகள் இதை அளந்து பார்த்தது. புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்பில் யூகலிப்டஸ் நட்டபோது, முதல் பத்து வருஷச் சுற்றில் அங்கிருந்து வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆறு, வழியில் மின்சாரம் தருகிறது. 1932-ல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் தென்னிந்தியாவின் பழைய நீர்மின் நிலையங்களில் ஒன்று. அதற்குத் துணையாக 1938-ல் கட்டியது முக்குருத்தி அணை. பைக்காராவே கீழே இறங்கி மாயாறாகிறது. மாயாறு பவானிசாகர் அணைக்கு வருகிறது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு பக்கத்துத் தண்ணீரும் குந்தா மின்நிலையங்களைச் சுற்றி அதே பவானியில்தான் சேர்கிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் சுமார் 2.07 லட்சம் ஏக்கர். மிச்சம், கூடுதுறையில் காவிரி.

'நமக்குக் காவிரி ஏது?' என்று வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆள் கேட்கலாம். நியாயம்தான். எங்க ஊர் சங்கராபரணிக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. நீலகிரியில் இருந்து ஒரு சொட்டும் எங்க ஏரிக்கு வராது. ஆனால் நம்ம யூனியன் பிரதேசத்தில் காரைக்காலும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. தண்ணீர் அந்தக் கடைமடைக்குத்தான். மேலே மலையில் ஊறினால்தான் கீழே கடைமடையில் ஓடும். எங்க சங்கராபரணியும் செஞ்சி மலையில் பிறந்து வருவதுதான். சமவெளிக்காரன் எவனும் மலைக்குச் சம்பந்தமில்லாதவன் இல்லை.

வரையாடு: 1,031-ல் இருந்து 1,303

வரை என்றால் மலை, பாறைச் சரிவு. அங்கே வாழும் ஆடு, வரையாடு. சிலப்பதிகாரத்திலும் சீவக சிந்தாமணியிலும் பேசப்பட்ட விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

வரையாட்டுக்கு இரண்டு விஷயம் வேண்டும். மேய்வதற்குத் திறந்த புல்வெளி, ஆபத்து என்றால் ஓடிப்போய் நிற்க செங்குத்தான பாறை. புலியோ சிறுத்தையோ வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும். புல்வெளி சீகைக் காடானால் அதற்கு உணவும் போச்சு, பார்வையும் போச்சு. ஒரு குன்றில் இருந்து இன்னொரு குன்றுக்குப் போகும் வழியும் அடைபடும். சின்னச் சின்னக் கூட்டங்களாகத் தனித்துப்போனால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து இனமே பலவீனமாகும்.

2022-ல் தமிழ்நாடு அரசு 'நீலகிரி வரையாடு திட்டம்' அறிவித்தது. மதிப்பு ரூ.25.14 கோடி. முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023 அக்டோபரில் தொடங்கிவைத்தார். கணக்கெடுப்பு, ரேடியோ காலர், பழைய வாழிடங்களில் மீண்டும் விடுவது, மேல்பவானியில் சோலைப் புல்வெளியை மீட்பது ஆகியவை இதில் அடக்கம். 1975-லேயே வரையாடு பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி.டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமானது.

2024-ல் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். அதில் முக்குருத்தியில் 203. அடுத்த ஆண்டு கேரளத்தோடு ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை 1,303. சந்தோஷமான செய்திதான். ஆனால் ஒரே வருஷத்தில் எல்லாம் குட்டி போட்டுக் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடுகிற இடமும் தேடும் முறையும் மேம்பட்டால் எண்ணிக்கையும் கூடித் தெரியும். பல வருஷக் கணக்கு சேர்ந்தால்தான் உண்மையான போக்கு புரியும்.

அப்போ உடனே வெட்டிட வேண்டியதுதானே?

இப்போது அந்தப் பழைய வரிக்கு வருவோம். தேசியப் பூங்காவில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது.

2000 பிப்ரவரி 14-ம் தேதி உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் காய்ந்த மரம், சாய்ந்த மரம், புல் எதையும் அகற்றக் கூடாது என்று தடை போட்டது. 'பட்டுப்போன மரம்' என்ற பெயரில் நல்ல காட்டையே லாரியில் ஏற்றியவர்களைத் தடுக்க வந்த உத்தரவு. நல்ல நோக்கம். ஆனால் அந்தக் கதவு அந்நிய மரத்துக்கும் சேர்த்தே சாத்தியது. காட்டைக் காக்க வந்த சட்டம், காட்டைத் தின்கிற களைக்கும் காவல் நின்றது. ஒவ்வொரு முறையும் 'இது வனஉயிர்களின் நன்மைக்காக' என்று விளக்கி, மேலிட அனுமதி வாங்க வேண்டிய நிலை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்நிய மரங்களை அகற்றக் கோரும் வழக்குகள் வந்தன. நீதிமன்றமும் அரசைத் தொடர்ந்து கேள்வி கேட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

அனுமதி கிடைத்தாலும் வேலை முடியாது. மூன்று கஷ்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, வெட்டுவது ஒரு நாள் வேலை, காவல் காப்பது பல வருஷ வேலை. வெட்டிய இடத்தில் திரும்பத் திரும்ப முளைக்கும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டெண்டர் விட்டு, மரத்தை விற்று, கணக்கை மூடினால், சில வருஷத்தில் முன்னைவிட அடர்த்தியான சீகைக் காடு நிற்கும்.

இரண்டாவது, செங்குத்துச் சரிவில் ஒரே நேரத்தில் மொத்தமாக வெட்டினால் மண் அரிக்கும். கனமான இயந்திரம் ஏறினால் புல்லின் வேரும் போய்விடும். எனவே எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பது முக்கியம். வெறும் மண்ணை அப்படியே விடாமல், உள்ளூர்ப் புல் நாற்றுகளை வளர்த்து நட வேண்டும்.

மூன்றாவது, எல்லா அந்நிய மரத்தோப்பையும் எடுத்தே ஆக வேண்டுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பழனி மலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவர்கள் கவனித்த ஒரு விஷயம்: வயதான தோட்ட மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாகவே எழுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மரத்தை வெட்டினால், எழுந்துகொண்டிருக்கும் சோலையும் சாகும். எனவே பலரும் சொல்வது இதுதான். மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக ஊடுருவும் சீகையை முதலில் பிடுங்குங்கள். பழைய தோப்புகளைப் பற்றி இடத்துக்கு இடம் யோசித்து முடிவெடுங்கள். விறகுக்கு இந்த மரத்தை நம்பியிருக்கும் மலைக் குடும்பங்களையும் மறந்துவிடாதீர்கள்.

புல்லோடு வாழ்ந்தவர்கள் எங்கே?

முக்குருத்தியைப் 'பூங்கா' என்று நாம் கூப்பிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் புல்வெளியைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் தோடர்கள். இன்று அவர்கள் எண்ணிக்கை சுமார் 2,000 மட்டுமே. எருமை அவர்களின் வாழ்க்கை, வழிபாடு, பொருளாதாரம் எல்லாம். பாதி பீப்பாய் கவிழ்த்த மாதிரி இருக்கும் அவர்களின் கோயிலுக்குக் கூரை வேய ஒரு குறிப்பிட்ட சதுப்புநிலப் புல் வேண்டும். புல்வெளி சுருங்கச் சுருங்க, அந்தப் புல்லுக்கே அலைய வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் ஆன்மா முக்குருத்தி சிகரத்தைத் தாண்டித்தான் மறு உலகத்துக்குப் போகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. நமக்கு ட்ரெக்கிங் பாயின்ட், அவர்களுக்கு இறுதிப் பயணத்தின் வாசல்.

தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் நின்றது. காலத்தே சிறு தீ வைத்துப் பழம்புல்லைக் கழிக்கும் பழைய வழக்கமும் தடைக்குள் வந்தது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் பழங்குடியினரின் மரபு உரிமைகளைப் பதிவு செய்ய வழி திறந்தது. ஆனால் காகிதத்தில் இருக்கும் உரிமைக்கும், வனத்துறை கேட்டுக்கும் நடுவில் இன்னும் தூரம் இருக்கிறது. புல்லை மீட்கும் திட்டத்தில் அந்தப் புல்லைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் கூலியாட்களாக மட்டும் நின்றால், அது பாதித் திட்டம்தான்.

சரி, ஊட்டிக்குப் போகலாமா, கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த இ-பாஸ் எதற்கு என்று தெரிந்துகொண்டு போகலாம். மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்ற கேள்வியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. எனவே வேனுக்குப் பதில் பஸ் ஏறுவதும் ஒரு வழி.

போகும்போது மூன்றே விஷயம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். புல்வெளி மேல் வண்டியை ஏற்றி ஃபோட்டோ எடுக்காதீர்கள், அந்த டயர் தடம் லேசில் ஆறாது. அப்புறம், 'ஊட்டியில் மரம் நடுகிறோம்' என்று யாராவது கூப்பிட்டால், என்ன மரம், எந்த இடத்தில் என்று கேளுங்கள். புல்வெளி மேல் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது தாத்தாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் ஊட்டியைப் பார்த்ததே இல்லை. வாட்டில், யூகலிப்டஸ் எதுவும் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நம்ம சீமைக் கருவேலம் மாதிரின்னு சொல்லு" என்றார். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்று வந்த மரம். அப்புறம் ஏரிக்கரை, மேய்க்கால், வாய்க்கால் எல்லாம் அதுவே. மாடு மேய்ந்த இடத்தைப் பார்த்து 'சும்மா கிடக்கிற இடம்' என்று சொன்ன அன்றைக்கே தப்பு ஆரம்பித்துவிட்டது என்றார்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் படித்து நான் வந்துசேர்ந்த இடத்துக்கு அவர் ஒரே வரியில் வந்துவிட்டார். மலையோ சமவெளியோ, மரம் இல்லாத நிலமெல்லாம் காலி நிலம் இல்லை. புல்லுக்கும் ஒரு ஊர் இருக்கிறது.

குரூப்பில் அந்த வீடியோவுக்குக் கீழே இந்தக் கட்டுரையின் லிங்கைப் போடப் போகிறேன். பாதிப் பேர் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். படித்தவர்கள் வேனை கேன்சல் செய்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் இருந்து பஸ் ஏறலாம் என்று சொன்னால், நான் வருகிறேன்.